ஒரு சொம்பு தண்ணீர்

மட்டாஞ்சேரி
16.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை வீரலட்சுமி எழுதுவது. நானும் உன் மச்சானும் மகாவும் இங்கே சுகம். உன் கை நடுக்கம் குறைந்ததா, தூக்கம் வருகிறதா என்று எழுது.

மறுவாழ்வு இல்லத்தில் போன் தரமாட்டார்களாம், கடிதம்தான் போட வேண்டுமாம், அதையும் வார்டன் படித்துவிட்டுத்தான் கொடுப்பாராம். படிக்கட்டும். வார்டன் ஐயா, எங்கள் அண்ணன் இசக்கிதுரை குடிக்காத நேரத்தில் தங்கமான மனிதர். அந்த நேரத்தைத்தான் நாங்கள் அதிகம் பார்த்ததில்லை.

கோபப்படாதே. நீ அன்றைக்கு வந்து கடையின் கண்ணாடிப் பெட்டியை உடைத்துவிட்டுப் போனதிலிருந்து மச்சானுக்கு உன் பெயரை எடுத்தாலே ஆவதில்லை. அதனால் பதிலை எதிர்வரிசை ஷரீஃபா அக்காவின் தையல் கடை விலாசத்துக்குப் போடு. ராவுத்தர் வீட்டுப் பெண், நம்மைப் போலத் தமிழ் பேசுகிறவர், யாரிடமும் வாயைத் திறக்கமாட்டார்.

உன்னிடம் சொல்ல ஒரு சங்கடம் இருக்கிறது. மகா இந்த ஒன்பது வயதில் நாற்பத்தெட்டு கிலோ இருக்கிறாள். பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, சீருடையின் இடுப்புத் தையல் விட்டுவிட்டது. பிள்ளைகள் 'தடிச்சி' என்று கூப்பிடுகிறார்களாம். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். போன வாரம் பக்கத்துப் பெண்ணின் சோற்று டப்பாவைக் காலை இடைவேளையிலேயே எடுத்துத் தின்றிருக்கிறாள். அந்தப் பிள்ளை மத்தியானம் பட்டினி. தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "இனி ஒரு பிராவஸ்யம் கூடி உண்டாயால் டி.சி. தரும், கேட்டோ" என்றார். இன்னொரு தடவை நடந்தால் பள்ளியை விட்டு அனுப்பிவிடுவாராம்.

"ஏண்டி எடுத்தே?" என்று கேட்டால், "தெரியலம்மா, கை போயிருச்சு" என்கிறாள்.

எங்கள் இருப்பு உனக்குத் தெரியும். கீழே வடைக்கடை, மேலே மச்சில் ஒற்றை அறை. பலகை இடுக்கு வழியாக நாள் முழுக்க எண்ணெய் வாசனை ஏறி வருகிறது. காலையில் எண்ணெயிலிருந்து எடுக்கும் முதல் வடையை மகாவின் கையில் கொடுத்தால்தான் மச்சானுக்கு அன்றைய வியாபாரம். அவள் கைராசிக்காரி என்று தெருவுக்கே சொல்லிவைத்திருக்கிறார். இப்போது அல்வாக் கடைக்காரர், பேரீச்சம்பழம் விற்கும் சிகாபுதீன் காக்கா, கரும்புச்சாறு வண்டிக்காரர் எல்லோரும் அவள் பள்ளிக்குப் போகிற வழியில் நிறுத்தி, "மோளே, ஆத்யம் நீ" என்று முதல் பங்கை அவள் கையில் வைக்கிறார்கள். பிள்ளை பள்ளிக்கூட வாசலை மிதிப்பதற்குள் நாலு கடைக்குப் போணி செய்துவிடுகிறது. வேண்டாம் என்று நான் தடுத்தால், அவர்கள் பிழைப்பில் மண்ணைப் போட வந்தவளைப் போல என்னைப் பார்க்கிறார்கள்.

டப்பாக்களைப் பூட்டிப் பார்த்தேன். அடித்தும் பார்த்தேன். உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது. வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
வீரலட்சுமி


பாளையங்கோட்டை
30.6.2024

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் இசக்கிதுரையின் ஆசீர்வாதம். நான் நலம். கை நடுக்கம் குறைந்துவிட்டது, எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். போன மாதம் எழுதியிருந்தால் கோழி கிளறின மாதிரி இருந்திருக்கும். மச்சானும் மருமகளும் சௌக்கியமாக இருக்க இங்கே காலைப் பிரார்த்தனையில் கண்ணை மூடி வேண்டிக்கொள்கிறேன். கண்ணை மூடியதும் தூங்கிவிடுகிறேன் என்பது வேறு விஷயம்.

வார்டன் உன் கடிதத்தைச் சிரித்துக்கொண்டே கொடுத்தார். இனிமேல் என்னை எல்லோர் முன்னாலும் 'தங்கமான மனிதர்' என்றுதான் கூப்பிடப்போகிறார், எல்லாம் உன்னால்.

பக்கத்துக் கட்டிலில் ராசப்பன் என்று ஒருவர் இருக்கிறார். கொச்சியில் உங்கள் பக்கம் தேவராவில் வெல்டராக இருந்தவர். அவர் புண்ணியத்தில் உங்கள் ஊர் மலையாளம் காதில் விழுகிறது. சர்க்கரைக்காரர். வேளாவேளைக்கு வயிற்றில் ஊசி குத்திக்கொள்கிறார், பார்க்கவே எனக்குக் கூசுகிறது.

மகா 'கை போயிருச்சு' என்று சொன்னதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது வீரா. களமசேரியில் கட்டட வேலையில் இருந்தபோது நேரே உன் வீட்டுக்கு வர வேண்டும் என்றுதான் பஸ் ஏறுவேன். இறங்குவது மட்டும் வேறு இடமாக இருக்கும். எங்கே முடிவு செய்தேன், எப்போது செய்தேன் என்று கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியாது. பிள்ளையை அடிக்காதே. அடித்தால் நிற்கும் என்றால், நம் அப்பா அடித்த அடிக்கு நான் இந்த இல்லத்தின் வாசலையே பார்த்திருக்க மாட்டேன். நல்ல டாக்டரிடம் காட்டு. வயிற்று டாக்டர் வேண்டாம், தலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கிற டாக்டராகப் பார். இங்கே எங்களுக்கு அப்படி ஒருவர் வாரம் ஒரு நாள் வருகிறார்.

மருமகளுக்கு என் முத்தம்.

இசக்கிதுரை


மட்டாஞ்சேரி
21.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

மழை விடாமல் பெய்கிறது, மச்சானுக்கு இருமல், மற்றபடி யாவரும் சுகம். உனக்கும் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும்.

நீ சொன்ன மாதிரியே காட்டினேன். பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. மகாவை உட்காரவைத்துச் சீட்டு விளையாடினார். சூரியன் படம் காட்டினால் ராத்திரி என்று சொல்ல வேண்டும், நிலா காட்டினால் பகல் என்று சொல்ல வேண்டும். மகாவுக்குச் சூரியனைப் பார்த்ததும் பகல் என்றே வாயில் வந்துவிடுகிறது. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். எண்களைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் சொன்னார். மூன்றாவது எண்ணுக்குள் முதல் எண் மறந்துபோகிறது. புத்தி மந்தமா என்று பயந்துபோய்க் கேட்டேன். "ஏய், இல்ல, புத்தி நல்லாத்தான் இருக்கு. பிரேக்தான் கொஞ்சம் லேட்டா பிடிக்குது" என்று தமிழிலேயே சொன்னார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டில் எழுதுகிறேன். நில் என்று தனக்குத்தானே சொல்வதும், சொன்னதை மனதில் பிடித்துவைப்பதும், அடுத்து என்ன என்று யோசிப்பதும் பிள்ளைகளுக்கு வளர வளரத்தான் கைகூடுமாம். சிலருக்குச் சீக்கிரம், சிலருக்குத் தாமதம். தாமதமாகிற பிள்ளைகள் தின்பண்டத்தைப் பார்த்தால் யோசிப்பதற்கு முன்பே கை நீண்டுவிடுமாம். அப்படித் தின்று உடம்பு போடும். உடம்பு போட்டால் தூக்கம் கெடும், ஓடி விளையாடப் பிடிக்காது, மற்ற பிள்ளைகள் ஒதுக்கும், அதனால் அந்த பிரேக் இன்னும் மோசமாகும். பேராசைப் பிள்ளை என்று இனிமேல் சொல்லாதீர்கள் என்றார். நான் சொல்லியிருக்கிறேன் அண்ணே, அவள் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன்.

தின்பண்டம் கண்ணில் படாமல் வைக்க வேண்டும், அதுதான் முதல் வேலை என்றார். வடைக்கடை மச்சில் குடியிருக்கிறோம் என்றேன். வீடு மாற முடியுமா என்று கேட்டார். கொட்டு அடிக்கும்போது ஆடி, கொட்டு நின்றதும் சிலையாக நிற்கிற விளையாட்டை வீட்டில் விளையாடச் சொன்னார். ரத்தம் பார்த்ததில் எல்லாம் சரியாக இருக்கிறது. அக்டோபரில் மறுபடி காட்ட வேண்டும்.

மச்சானிடம் சொன்னேன். வீடு மாறுவது நடக்காது என்றார். "எம் புள்ள கைராசிய டாக்டர் கண்டாளா?" என்று கேட்டுவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டார்.

ஒரு வேலையும் ஓடவில்லை. உனக்கு அங்கே என்ன சொல்லித் தருகிறார்கள் என்று எழுது.

வீரலட்சுமி


பாளையங்கோட்டை
4.8.2024

அன்புத் தங்கைக்கு,

நான் நலம், உடம்பில் இரண்டு கிலோ கூடியிருக்கிறேன். மகாவிடம் இதைச் சொல்லாதே. மச்சான் இருமலுக்கு மிளகுக் கஷாயம் வைத்துக் கொடு.

உன் கடிதத்தை ராசப்பனுக்கும் வாசித்துக் காட்டினேன். சூரியனுக்கு ராத்திரி என்று இரண்டு பேரும் சொல்லிப் பார்த்தோம். அவர் என்னைவிட மோசம்.

இங்கே வகுப்பில் சொல்லித் தந்ததை அப்படியே எழுதுகிறேன். ஆசை வருகிறதா, அதோடு சண்டைக்குப் போகாதே. முதலில் ஒரு சொம்பு தண்ணீரைக் குடி. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார். உட்கார்ந்துகொண்டு, 'இன்னும் வேணுமா?' என்று உன்னையே கேள். அவ்வளவுதான். நான் சிரித்தேன், தண்ணீர் குடித்தா தண்ணி அடிப்பதை நிறுத்துவது என்று. ஆனால் வீரா, வேலை செய்கிறது. அலை மாதிரி ஏறி வந்து அப்படியே இறங்கிப் போகிறது. சனிக்கிழமை சாயங்காலங்களில் நான் குடிக்கிற தண்ணீருக்கு இந்த இல்லத்துக் கிணறே வற்றிவிடும்.

பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடு. மாமாவும் இதையே செய்கிறான் என்று சொல்லு, அவளுக்குத் துணையாக இருக்கும். யார் முதலில் ஜெயிக்கிறோம் என்று பார்க்கலாம்.

ஜனவரியில் என்னை வெளியே விடுவார்கள்.

இசக்கிதுரை


மட்டாஞ்சேரி
22.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே, ஓண வியாபாரத்தில் குனிந்த தலை நிமிரவில்லை. எல்லோரும் சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் வைத்தியத்தைத் தொடங்கிவிட்டேன். முதல் நாள், கீழே நேந்திரம்பழத்தைப் பொரிக்கிற பழம்பொரி வாசனை மேலே வந்ததும் மகா எழுந்தாள். "சொம்பு எங்கே?" என்றேன். மடக் மடக்கென்று குடித்தாள், ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள், உட்கார்ந்த சூட்டிலேயே திரும்பி, "அம்மா, கேட்டுட்டேன். வேணும்னு சொல்லுது" என்றாள். "யாரு சொல்லுது?" "வயிறு." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது அப்படித்தான் சொல்லும், இன்னொரு தடவ கேளு" என்றேன். பாவம், மறுபடி திரும்பி உட்கார்ந்து, வெளியே தண்ணீரில் போகிற தோணிகளை எண்ணிக்கொண்டே கேட்டாள். பிறகு, "இப்ப மிண்டாம இருக்கு, ஒண்ணும் பேச மாட்டேங்குது" என்று அதிசயமாகச் சொன்னாள்.

தினமும் ஜெயிப்பதில்லை. ஒரு நாள் ஜெயித்தால் மறுநாள் அரைத் தட்டு உள்ளிவடை காணாமல் போகும். ஆனால் பள்ளி ஓண விருந்தில் தன் இலையை முடித்துவிட்டுப் பக்கத்து இலையைத் தொடாமல் எழுந்திருக்கிறாள். டீச்சர் எனக்குக் கைகொடுத்தார். டி.சி. பேச்சு இப்போது இல்லை.

மச்சானும் ஒரு படி இறங்கி வந்திருக்கிறார். முதல் வடையை மகா கையில் வாங்கித் திருப்பிக் கொடுத்தால் போதும், தின்ன வேண்டாம் என்றார். தெருவிலும் அதே ஏற்பாடு. கண்ணில் காட்டாதே என்று டாக்டர் சொன்னார், நாங்கள் கையிலேயே கொடுத்துத் திரும்பப் பிடுங்குகிறோம். என்ன செய்ய, இந்தத் தெருவில் இவ்வளவுதான் நடக்கும். போனில் அவள் ஓயாமல் ஆட்கள் சாப்பிடுகிற வீடியோவைப் பார்ப்பதால், என் போனை அணைத்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

மகாவுக்கு மலையாளம்தான் எழுத வரும். உனக்குச் சொல்லச் சொன்னதை நான் எழுதுகிறேன்: "மாமா, நான் இன்னைக்கு ரெண்டு தடவ ஜெயிச்சேன். நீங்க எத்தன தடவ?"

வீரலட்சுமி


பாளையங்கோட்டை
6.10.2024

அன்புத் தங்கைக்கும் மருமகளுக்கும்,

நான் நலம். உங்கள் நலத்தை எழுது.

மருமகளே, மாமாவும் இன்றைக்கு இரண்டு தடவை. சமம். தீபாவளி வரைக்கும் போட்டி. தோற்றவர் ஜெயித்தவருக்குச் சட்டை வாங்கித் தர வேண்டும்.

வீரா, உன் கடிதத்தை வகுப்பில் வாசித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். என் வாழ்நாளில் நான் சொன்ன ஒன்றைக் கேட்டு ஒருவருக்கு நல்லது நடந்தது இதுதான் முதல் தடவை. விடாமல் செய். சொம்பைக் கையில் எடுக்க மறக்காதே.

தீபாவளியை நினைத்தால்தான் கொஞ்சம் பயமாக இருக்கிறது. வெளியே எல்லோரும் குடிப்பார்கள்.

இசக்கிதுரை


மட்டாஞ்சேரி
27.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீயும் நலமாக இருந்து தீபாவளியைத் தாண்டிவிட வேண்டும் என்று விளக்கேற்றி வேண்டியிருக்கிறேன்.

நல்ல சேதி. மகா மெலிகிறாள்! சீருடையின் இடுப்பை இப்போது ஷரீஃபா அக்கா உள்ளே பிடித்துத் தைத்துக் கொடுத்தார். நாற்பத்து மூன்று கிலோ. தெருவே அதிசயப்படுகிறது. "மோள் மெலிஞ்ஞல்லோ, சுந்தரியாயி" என்கிறார் சிகாபுதீன் காக்கா. நான் யாருக்கும் தெரியாமல் சுற்றிப்போட்டேன்.

எல்லாம் உன் சொம்பு செய்த வேலை. முன்பெல்லாம் நான்தான் நினைவுபடுத்துவேன். இப்போது அவளே எடுத்துக் குடிக்கிறாள். ஒரு சொம்பு குடித்துவிட்டு அடுத்ததையும் குடிக்கிறாள். பள்ளியில் குடித்து, வந்ததும் வராததுமாகப் பானையைக் கவிழ்க்கிறாள். ஆசையை அடக்க அவ்வளவு பாடுபடுகிறாள் பிள்ளை. எனக்கே பெருமையாக இருக்கிறது. இவ்வளவு தண்ணீர் உள்ளே போனால் வெளியே வராமல் இருக்குமா, நாலு வயதில் நின்ற படுக்கை நனைப்பு மறுபடி தொடங்கிவிட்டது. வெட்கப்பட்டு அழுகிறாள். அதற்கு நான் ஒரு வார்த்தை திட்டவில்லை.

அக்டோபரில் டாக்டரிடம் வரச் சொன்னார் அல்லவா, போகவில்லை. அதுதான் மெலிகிறாளே, இனிக் காட்ட என்ன இருக்கிறது. கல்யாண ஆர்டர்கள் வேறு குவிந்துகிடக்கின்றன.

போட்டியில் யார் ஜெயிக்கிறது என்று கேட்கிறாள். சீக்கிரம் பதில் போடு.

வீரலட்சுமி


மட்டாஞ்சேரி
12.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. தீபாவளி உனக்கு எப்படிப் போயிற்று? உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இல்லத்துக்குப் போன் செய்யலாம் என்று பெட்டியைத் திறந்தேன், மகா பக்கத்திலேயே வந்து நின்றாள், மூடிவிட்டேன்.

இங்கே சுகம் என்றுதான் எழுத வேண்டும். மகா முப்பத்தொன்பது கிலோவுக்கு வந்துவிட்டாள். ஆனால் முகத்தில் களை இல்லை. பள்ளியில் தலையை டெஸ்க்கில் கவிழ்த்துக்கொள்கிறாளாம். டீச்சர், "இப்போ நல்ல சாந்தம்" என்கிறார். வீட்டிலும் அப்படித்தான், சிலை விளையாட்டுக்குக் கூப்பிட்டால், "மேல் வலிக்குதும்மா" என்று படுத்துக்கொள்கிறாள். சோர்வுக்குக் கரும்புச்சாறு கொடுத்தேன், இத்தனை மாதம் அடக்கிய பிள்ளைதானே என்று. ஷரீஃபா அக்கா, "இந்தப் புள்ளயக் கொண்டுபோய்க் காட்டு வீரா, கண்ணு குழிஞ்சு கெடக்கு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மெலிந்ததைப் பார்த்துக் கண் வைக்கிறார் என்று நினைத்து, "ஒண்ணுமில்லக்கா, கண்ணு வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவர் சரியாகப் பேசவில்லை.

நேற்று ஒன்று நடந்தது. பக்கத்தில் வந்தவளின் வாயில் கனிந்து கறுத்த நேந்திரம்பழ வாடை. பழம்பொரிக்கு வைத்த பழத்தைத் திருடித் தின்றிருக்கிறாள் என்று எனக்கு ஆத்திரம். இத்தனை நாள் பட்ட பாடு வீணா என்று ஓர் அறை விட்டுவிட்டேன். "நான் எடுக்கலம்மா, சத்தியமா எடுக்கல" என்று அழுதாள். குலையை எண்ணிப் பார்த்தால் பழம் குறையவில்லை. வேறு எங்கே தின்றாளோ. இன்று காலையிலும் அதே வாடை.

அடிக்காதே என்று நீ சொல்லியிருந்தாய். மனசு சரியில்லை. இரண்டு வரியாவது எழுது.

வீரலட்சுமி


பாளையங்கோட்டை
19.11.2024

வீரா,

இதை முழுக்கப் படித்துக்கொண்டு நிற்காதே. முதலில் மகாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ. சுகர் பார்க்கச் சொல். இப்போதே போ.

தீபாவளியன்று சுவரேறிக் குதித்துப் போய்க் குடித்தேன். இழுத்துக்கொண்டு வந்தார்கள். தண்டனையாகக் கடிதங்களை நிறுத்தி வைத்துவிட்டார்கள். உன் இரண்டு கடிதங்களையும் இன்று காலையில்தான் சேர்த்துக் கொடுத்தார்கள். ராசப்பனுக்கு வாசித்துக்கொண்டே வந்தேன். தண்ணீர் என்றதும் நிமிர்ந்தார். படுக்கை நனைகிறது என்றதும் எழுந்து நின்றுவிட்டார். பழ வாடை என்று வாசித்ததும் என் கையிலிருந்து கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு வார்டனிடம் ஓடினார். அவர் ஊசியை விட்டுவிட்டு விழுந்துகிடந்த அன்று அவர் வாயிலும் இதே வாடைதான் அடித்ததாம். பிள்ளைகளுக்கும் சர்க்கரை வருமாம் வீரா. மெலிவார்களாம்.

அவள் ஆசையை அடக்கத் தண்ணீர் குடிக்கவில்லை. தாகத்துக்குக் குடிக்கிறாள். கரும்புச்சாறு கொடுக்காதே. தண்ணீர் கேட்டால் தடுக்காதே.

வார்டன் உன் நம்பருக்குப் பத்துத் தடவை அடித்துவிட்டார், அணைத்திருக்கிறது. மச்சான் நம்பர் எனக்குத் தெரியாது. தையல் கடை விலாசம்தான் தெரியும். என்னை விடுங்கள், நானே போகிறேன் என்று காலில் விழுந்தேன். சுவரேறிக் குதித்தவனை யார் நம்புவார்கள்? வார்டனே இதை ஸ்பீட் போஸ்டில் போட ஆள் அனுப்புகிறார்.

போட்டியில் அவள்தான் ஜெயித்தாள் என்று சொல். சட்டை வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று சொல்.

அண்ணன்


மட்டாஞ்சேரி
6.12.2024

அண்ணனுக்கு,

உன் கடிதம் போன மாதம் இருபத்து மூன்றாம் தேதி, சனிக்கிழமை வந்தது. மகா அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் ஷரீஃபா அக்கா அதை என் கையில் கொடுத்தார். துக்கம் கொஞ்சம் ஆறிய பிறகு கொடுக்கலாம் என்று வைத்திருந்தாராம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறேன். நீ எங்களைக் கேட்காதே.

நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும், வேறு யாரிடமும் நான் முழுதாகச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வாந்தி எடுத்தாள். கரும்புச்சாறு சேரவில்லை என்று நினைத்தேன். சனிக்கிழமை கல்யாண வீட்டுக்கு சுகியன் ஆர்டர், அடுப்பை விட்டு நகர முடியவில்லை. பத்து மணி இருக்கும், ஏணிப்படியில் பாதி இறங்கி வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. படியேறி இறங்கினதால் என்று நினைத்துக்கொண்டேன். கையில் சொம்பு வைத்திருந்தாள்.

"அம்மா, ஒரு சொம்பு குடிச்சுட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்து கேட்டேன். வேணும்னுதான் சொல்லுது. என்ன செய்யட்டும்?"

யாரையும் கேட்காமல் எடுத்துத் தின்ற பிள்ளை அண்ணே. கை போய்விட்டது என்று சொன்ன பிள்ளை. தண்ணீருக்கு என்னிடம் அனுமதி கேட்டு நின்றாள். மாவுக் கையோடு நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இன்னொரு தடவ கேளு" என்றேன்.

சரி என்று மேலே போனாள்.

ஆர்டரை ஏற்றி அனுப்பிவிட்டு நான் மேலே வந்தபோது ஜன்னல் பக்கம் திரும்பித்தான் உட்கார்ந்திருந்தாள். சுவரில் சாய்ந்திருந்தாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. மூச்சு மட்டும் இழுத்து இழுத்து வந்தது, அறை முழுக்கப் பழ வாடை. சொம்பு காலியாக மடியில் இருந்தது. சிகாபுதீன் காக்காவின் சரக்கு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். சர்க்கரை பார்க்கிற மெஷினில் எண்ணே வரவில்லை, அதன் அளவைத் தாண்டிவிட்டதாம். நிறையத் தண்ணீர் குடித்தாளா என்று கேட்டார்கள். ஆமாம், நான்தான் பழக்கினேன் என்றேன்.

அந்த டாக்டரம்மா எப்படியோ கேள்விப்பட்டு வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். "அவ நிறுத்தக் கத்துக்கிட்டா டாக்டர்" என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. தீபாவளியன்று நீ குதிக்காமல் இருந்திருந்தால் என்று நினைக்கிறேன். ஷரீஃபா அக்கா சொன்ன அன்றைக்கே போயிருந்தால் என்றும் நினைக்கிறேன். என்மேல் இருக்கிற கோபத்தில் கால்வாசிகூட உன்மேல் இல்லை. அன்று அவளை அறைந்த அறையை நினைத்தால் என் கையை எண்ணெய்ச் சட்டியில் வைக்கத் தோன்றுகிறது. மச்சானிடம் உன் கடிதங்களைப் பற்றிச் சொல்லிவிட்டேன். உன்னைத் திட்டவில்லை.

நேற்றுக் கடை திறந்தார். முதல் வடையை எடுத்துக்கொண்டு தெருவையும் ஏணிப்படியையும் பார்த்தபடி நின்றாராம், மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்கள் சாயாவைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்களாம். பிறகு மேலே வந்தார். அதை என் மடியில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

தின்றேன் அண்ணே. பிறகு நானே கீழே போய் இன்னொன்று எடுத்தேன். மறுபடி போய் எடுத்தேன். மச்சான் பார்த்துக்கொண்டே இருந்தார், தடுக்கவில்லை. எனக்குப் பசியே இல்லை. கை போய்க்கொண்டே இருந்தது.

குடிக்காமல் இரு. உடம்பைப் பார்த்துக்கொள். ஜனவரியில் விட்டதும் நேரே இங்கே வா.

இப்படிக்கு,
வீரலட்சுமி